நாற்பது பேருக்கே திணறும் விளையாட்டு: எந்த டேட்டாபேஸுக்கு மாறுவது?

கேள்வி: பிரவுசரிலேயே ஓடும் ஒரு டாங்க் சண்டை விளையாட்டைத் தனியாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் அறைக்கு 20 பேர், ஓர் ஆட்டம் 5 நிமிடம். சர்வர் நோட் ஜேஎஸில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) எழுதியது, டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். ஒவ்வொருவருடைய டாங்க் எங்கே நிற்கிறது என்பதை விநாடிக்கு 10 தடவை டேபிளில் எழுதுகிறேன், மற்றவர்களின் பிரவுசர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நண்பர்கள் 40 பேரை வைத்துச் சோதித்தபோது டாங்குகள் தாவித் தாவி நகர்ந்தன, சிலருக்குத் திரை அப்படியே உறைந்துவிட்டது. நாணயம் சேர்த்து டாங்குக்கு நிறமும் ஆயுதமும் வாங்க ஒரு கடை, தரவரிசைப் பட்டியல் எல்லாம் வைத்திருக்கிறேன். ஒருவர் தகவலை டாக்குமென்ட்டுகளாக வைக்கும் மாங்கோடிபி என்கிறார், இன்னொருவர் மெமரியிலேயே வைக்கும் ரெடிஸ் என்கிறார், மூன்றாமவர் கூகுளின் ஃபயர்பேஸ் சேவையைப் போட்டால் சர்வரே வேண்டாம் என்கிறார். எதற்கு மாறட்டும்?

பதில்: எதற்கும் மாற வேண்டாம். மைஎஸ்கியூஎல்லிலேயே இருங்கள். டேட்டாபேஸுக்குப் போகவே தேவையில்லாத ஒன்று விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அங்கே போய்க்கொண்டிருக்கிறது, விளையாட்டு திணறுவது அதனால்தான். இதே வேலையை அப்படியே தூக்கி வேறொன்றில் வைத்தால் இன்னும் கொஞ்சம் பேரைத் தாங்கலாம், அப்புறம் அதுவும் இதே மாதிரி திணறும், நீங்கள் இரண்டு மாதத்தை இடமாற்றத்தில் செலவழித்திருப்பீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பேர், ஆளுக்கு விநாடிக்கு 10 தடவை என்றால் விநாடிக்கு 400 அப்டேட். ஒவ்வொன்றும் தனி கமிட், அதாவது 'இதை நிரந்தரமாக்கு' என்ற கட்டளை. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இன்ஜினான இன்னோடிபி தன் இயல்பான அமைப்பில் ஒவ்வொரு கமிட்டுக்கும் மாற்றங்களின் பதிவேடான லாகை டிஸ்க்கில் இறக்கிவிட்டுத்தான் 'முடிந்தது' என்று பதில் சொல்லும், அதுதான் அதன் கடமை. இது போக 40 பிரவுசரும் விநாடிக்கு 10 தடவை நிலவரம் கேட்பதால் இன்னொரு 400 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), ஒவ்வொன்றிலும் அறையில் இருக்கும் 20 பேருடைய வரிசைகள் (டேபிளின் ரோக்கள்). ஆக 5 நிமிட ஆட்டம் முடிவதற்குள் 1,20,000 தடவை எழுதியிருப்பீர்கள். ஆட்டம் முடிந்த மறுகணம் அதில் எது யாருக்குத் தேவை? ஒன்றுமே இல்லை. மூன்றாவது நிமிடத்தின் பன்னிரண்டாவது விநாடியில் ஒரு டாங்க் எந்தப் புள்ளியில் நின்றது என்று யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

கமிட்டுக்குக் கமிட் டிஸ்க்கில் இறக்காமல் விநாடிக்கு ஒரு தடவை மட்டும் இறக்கும்படி மாற்றுகிற செட்டிங் ஒன்று மைஎஸ்கியூஎல்லில் உண்டு, 'மைஎஸ்கியூஎல் வேகம்' என்று தேடினால் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். அதைத் தொடாதீர்கள். டாங்கின் நிலையை எழுதுவது வேகமாகும், உண்மைதான், ஆனால் சர்வர் விழுந்தால் கடைசி விநாடியில் எழுதியது போய்விடக்கூடும், அதே தளர்வு உங்கள் கடையில் நடக்கும் ஒவ்வொரு வாங்கலுக்கும் வந்து சேரும்.

உங்களிடம் இருக்கும் தகவல் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: சர்வர் இந்த நொடி விழுந்து இது அழிந்துபோனால் விளையாடுகிறவருக்கு வலிக்குமா? டாங்கின் நிலை, திரும்பிய கோணம், பறந்துகொண்டிருக்கும் குண்டு, மீதமிருக்கும் உயிர், இதெல்லாம் போனால் ஓர் ஆட்டம் பாதியில் நின்றுபோகும், எரிச்சல்தான், ஆனால் அடுத்த ஆட்டத்தில் மறந்துவிடுவார்கள். நாணயம் போனால் மறக்க மாட்டார்கள். வாங்கிய ஆயுதம், கணக்கு, தரவரிசைப் புள்ளி, நண்பர் பட்டியல் எதுவும் போகக் கூடாது. முதல் வகை சர்வரின் மெமரியில் இருக்கட்டும், இரண்டாவது வகை மட்டும் டேட்டாபேஸில்.

மெமரி என்றால் எதையும் புதிதாக நிறுவச் சொல்லவில்லை. உங்கள் நோட் ப்ராசஸுக்குள் (ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ப்ரோகிராமுக்குள்) சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட், அவ்வளவுதான். ஒரு டாங்குக்கு நிலை, வேகம், கோணம், உயிர் எல்லாம் சேர்த்து சில நூறு பைட் வரும், 20 டாங்க் கொண்ட ஓர் அறை சில கிலோபைட், ஆயிரம் அறை இருந்தாலும் சில மெகாபைட். இதற்கு டேட்டாபேஸ் தேடுவதே வீண். பிரவுசர் திரும்பத் திரும்பக் கேட்கும் முறையை விட்டுவிட்டு வெப்சாக்கெட்டுக்கு (பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) வாருங்கள், 2011-லேயே தரப்படுத்தப்பட்ட விஷயம், எல்லாப் பிரவுசரிலும் ஓடும். பிரவுசர் 'இடப்பக்கம் திருப்பினேன், சுட்டேன்' என்பதை மட்டும் அனுப்பட்டும். 'நான் இந்தப் புள்ளியில் இருக்கிறேன்' என்று அது சொல்வதை சர்வர் நம்பவே கூடாது, நம்பினால் ஏமாற்றுகிறவர் முதல் வாரமே வந்துவிடுவார். சர்வர் 50 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை, அதாவது விநாடிக்கு 20 தடவை, அறையின் நிலையைக் கணக்கிட்டு எல்லோருக்கும் தள்ளிவிடட்டும். இந்தச் சுழற்சிக்குள் ஒரு குவெரிகூட இருக்கக் கூடாது. இதில் மட்டும் கறாராக இருங்கள். 'ஒரே ஒரு சின்ன செலக்ட்தானே, படிப்பது மட்டும்தானே' என்று ஒன்றை உள்ளே விட்டால், டேட்டாபேஸ் ஒரு நாள் 200 மில்லிவிநாடி தாமதிக்கும்போது 20 பேருடைய டாங்கும் சேர்ந்து நிற்கும்.

ஆட்டம் முடிந்ததும்தான் டேட்டாபேஸுக்குப் போக வேண்டும், அதுவும் 'நடந்தால் எல்லாமே, இல்லாவிட்டால் எதுவுமே இல்லை' என்னும் ஒரே டிரான்சாக்‌ஷனில். ஆட்டத்துக்கு ஒரு வரிசை, கலந்துகொண்ட 20 பேருக்கு 20 வரிசை, ஒவ்வொருவர் நாணயத்திலும் புள்ளியிலும் கூட்டல், பிறகு கமிட். இரண்டு அறை நிறைந்திருந்தால் 5 நிமிடத்துக்கு இரண்டு டிரான்சாக்‌ஷன். முன்பு 1,20,000. ஆட்ட எண்ணும் ஆட்டக்காரர் எண்ணும் சேர்ந்த ஒரு யூனிக் இண்டெக்ஸ் (அதே ஜோடி இரண்டாவது தடவை வராமல் தடுப்பது) போட்டுவையுங்கள், ஏனென்றால் கமிட் ஆகி, பதில் வருவதற்குள் கனெக்‌ஷன் அறுந்தால் உங்கள் ப்ரோகிராம் 'தோற்றுவிட்டது' என்று நினைத்து மறுபடி அனுப்பும், யூனிக் இண்டெக்ஸ் இருந்தால் இரண்டாவது தடவை முட்டிக்கொண்டு திரும்பிவிடும், பரிசு இரட்டிப்பாகாது. இருபது பேருடைய வரிசைகளையும் எப்போதும் ஆட்டக்காரர் எண்ணின் ஏறுவரிசையிலேயே அப்டேட் செய்யுங்கள். ஒருவர் ஆட்டம் முடியும் அதே சமயம் இன்னொரு டேப்பில் வேறு அறையில் இருக்கலாம், இரண்டு டிரான்சாக்‌ஷன் எதிரெதிர் வரிசையில் பூட்டுப் போட்டால் டெட்லாக் விழும், ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டுமே நிற்கும்.

புது வெர்ஷன் ஏற்றும்போது என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். ப்ராசஸை நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்தால் உடனே சாகாமல், புதிய ஆட்டம் தொடங்குவதை மட்டும் நிறுத்திவிட்டு, ஓடிக்கொண்டிருப்பவை முடிந்து கமிட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். 5 நிமிட ஆட்டம் என்பதால் உங்களுக்கு இது எளிது. வீடு கட்டி, ஊர் கட்டி, நாள்கணக்கில் நீடிக்கும் உலகமாக இருந்தால் கதை வேறு: மாறியவற்றை மட்டும் குறித்துவைத்து அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக எழுத வேண்டியிருக்கும், பண்டமாற்றை மட்டும் அந்தக் கணமே கமிட் செய்ய வேண்டியிருக்கும். பின்னால் அப்படி ஏதாவது செய்ய நினைத்தால் அப்போது பார்க்கலாம்.

சரி, கடைக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போன இடம் இது, எனக்கு உண்மையிலேயே கவலை தருவதும் இதுதான். பலரும் இப்படி எழுதுவார்கள்: நாணயம் எவ்வளவு என்று செலக்ட் செய், 80-க்குக் குறையாமல் இருந்தால் கழித்து வந்த தொகையை எழுது, ஆயுதத்தைச் சேர். தனியாகச் சோதித்தால் சரியாகவே ஓடும். இப்போது ஒருவரிடம் 100 நாணயம் இருக்கிறது, இரண்டு டேப் திறந்து 80 நாணய ஆயுதத்தை ஒன்றிலும், 80 நாணய நிறத்தை இன்னொன்றிலும் ஒரே நேரத்தில் அழுத்துகிறார். முதல் கோரிக்கை 100 என்று படிக்கிறது. அது எழுதுவதற்கு முன் இரண்டாவதும் 100 என்று படிக்கிறது. இரண்டுமே 'போதும்' என்று முடிவெடுக்கின்றன, இரண்டுமே 20 என்று எழுதுகின்றன. 160 நாணயப் பொருள் கைக்கு வந்துவிட்டது, கையில் இன்னும் 20 இருக்கிறது. யாராவது ஒருவர் இதைக் கண்டுபிடித்தால் அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதைச் சுற்றி பிகின், கமிட் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், ஆகாது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான ஐசோலேஷன் நிலையில் (ஒருவர் செய்யும் மாற்றம் இன்னொருவருக்கு எப்போது தெரியும் என்ற அமைப்பு) சாதாரண செலக்ட் பூட்டுப் போடாது, டிரான்சாக்‌ஷனின் முதல் வாசிப்பின்போது இருந்த நிலையையே காட்டும். ஒன்று, செலக்ட் ஃபார் அப்டேட் என்று கேட்டு வரிசையைப் பூட்டுங்கள். அல்லது, எனக்குப் பிடித்த வழி, படிக்கவே படிக்காதீர்கள். 'நாணயத்தில் 80 கழி, ஆனால் நாணயம் 80-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும்' என்று நிபந்தனையை அப்டேட்டின் வேர் (WHERE) பகுதியிலேயே வைத்துவிட்டு, எத்தனை வரிசை மாறியது என்று பாருங்கள். ஒன்று என்றால் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் ஆயுதத்தைச் சேருங்கள், பூஜ்யம் என்றால் ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறுதல்), 'நாணயம் போதாது' என்று சொல்லுங்கள். இரண்டு டேப்பில் அழுத்தினாலும் டேட்டாபேஸே ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிடும். கூடவே நாணயம் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு செக் கட்டுப்பாடும் போடுங்கள், 8.0.16-லிருந்து மைஎஸ்கியூஎல் அதை உண்மையிலேயே மதிக்கிறது, அதற்கு முந்தைய வெர்ஷன்களில் எழுதினால் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். நாணயம் முழு எண்ணாகவே இருக்கட்டும், தசமப் புள்ளி வேண்டாம்.

இன்னொரு டேபிளும் தேவை. நாணயம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு வரிசை: யாருக்கு, எவ்வளவு, எதற்காக, எந்த ஆட்டம் அல்லது எந்தப் பொருள், எப்போது. இதில் அப்டேட்டும் டெலீட்டும் கிடையாது, சேர்ப்பது மட்டும்தான். 'நேற்று 500 இருந்தது, இன்று 40 இருக்கிறது' என்று ஒருவர் எழுதும்போது உங்களால் பதில் சொல்ல முடிவது இந்த டேபிளால்தான். சின்னப் பையன் ஒருவன் மூன்று வாரம் விளையாடிச் சேர்த்ததாக இருக்கும், அவனுக்கு 'தெரியவில்லை' என்று பதில் போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் டேபிள்கள் எந்த இன்ஜினில் இருக்கின்றன என்று பாருங்கள். 5.5 வெர்ஷனிலிருந்து இன்னோடிபிதான் இயல்பு, ஆனால் பழைய பாடங்களிலிருந்து கிரியேட் டேபிள் கட்டளையை நகலெடுத்திருந்தால் அதில் மைஐசாம் என்று இருக்கலாம். மைஐசாமில் டிரான்சாக்‌ஷனே கிடையாது. ரோல்பேக் சொன்னாலும் எழுதியது எழுதியதுதான், நான் மேலே சொன்ன டிரான்சாக்‌ஷன் பாதுகாப்பு எதுவும் அங்கே கிடைக்காது.

இப்போது நண்பர்கள் சொன்னவை. மாங்கோடிபி சொன்னவர் 'விளையாட்டுத் தகவல் எல்லாம் ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) தானே' என்று காரணம் காட்டியிருப்பார். ஒரு ஆட்டக்காரரை ஒரே டாக்குமென்ட்டாக எடுப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடை, ஆட்ட வரலாறு, நண்பர் பட்டியல் எல்லாமே ஒன்றோடொன்று உறவுள்ளவை, ஒன்றை மாற்றும்போது இன்னொன்றும் சேர்ந்து மாற வேண்டியவை. பல டாக்குமென்ட்டுகளை ஒரே டிரான்சாக்‌ஷனில் மாற்றும் வசதி மாங்கோடிபிக்கு 2018-இல், 4.0 வெர்ஷனில்தான் வந்தது, அதற்கும் ரெப்ளிகா செட் (ஒன்றையொன்று நகலெடுக்கும் சர்வர் குழு அமைப்பு) வேண்டும். உங்களுக்குக் கையில் இருப்பதே இதைச் செய்கிறது. டாங்கின் நிறம், பொத்தான் அமைப்பு மாதிரி வடிவம் அடிக்கடி மாறும் விஷயங்களுக்கு மைஎஸ்கியூஎல்லில் ஜேசன் நெடுவரிசை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் 2015-இல் மாங்கோடிபியில்தான் தொடங்கியது, செய்திகள் 10 கோடியைத் தொட்டபோது தகவலும் இண்டெக்ஸும் மெமரியில் அடங்காமல் போய் கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸுக்கு மாறினார்கள். தொடங்கும்போது எடுத்த முடிவு அவர்களை வளரவிடாமல் ஒன்றும் செய்யவில்லை. நீங்களும் 10 கோடி வரிசை வந்த பிறகு வரும் பிரச்சினைக்காக இப்போது தூக்கம் கெடாதீர்கள்.

ஃபயர்பேஸ் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், வேண்டாம். ஃபயர்பேஸின் டேட்டாபேஸ்களில் ஒன்றான ஃபயர்ஸ்டோரில் படிக்கும் டாக்குமென்ட் எண்ணிக்கைக்குக் காசு. ஓர் அறையில் 20 பேர், ஆளுக்கு விநாடிக்கு 10 மாற்றம், ஒவ்வொரு மாற்றமும் 20 பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் விநாடிக்கு 4,000 வாசிப்பு, ஒரு மணி நேரத்துக்கு 1 கோடியே 44 லட்சம். ஒரே ஓர் அறைக்கு! அவர்களுடைய இன்னொன்றான ரியல்டைம் டேட்டாபேஸ் வாசிப்பை எண்ணாது, கடந்து போகும் டேட்டா அளவுக்கு வாங்கும், இந்தச் செலவு குறையும்தான். ஆனால் சர்வர் இல்லாவிட்டால் குண்டு பட்டதா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? சுட்டவருடைய பிரவுசர். அதை நம்பி ஒரு சண்டை விளையாட்டை நடத்த முடியாது. சதுரங்கம் மாதிரி ஆளுக்கொரு நகர்வாகப் போகும் விளையாட்டாக இருந்தால் நானே ஃபயர்பேஸைப் பரிந்துரைத்திருப்பேன்.

ரெடிஸ் நல்ல கருவி, ஒரு நாள் உங்களுக்குத் தேவைப்படும், இன்று இல்லை. ஒரே ப்ராசஸில் எல்லா அறையும் இருக்கும்வரை ரெடிஸ் செய்வதை உங்கள் ஆப்ஜெக்டே செய்துவிடும், நெட்வொர்க்கைத் தாண்டாமல், அதைவிட வேகமாக. இரண்டாவது கேம் சர்வர் வைக்கும் நாளில்தான் 'இந்த அறை எந்த சர்வரில் இருக்கிறது, ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்கள் யார் யார்' என்பதை இரண்டுக்கும் பொதுவாக ஓரிடத்தில் வைக்க வேண்டிவரும், அப்போது கொண்டுவாருங்கள். 2024-இல் ரெடிஸின் லைசன்ஸ் மாறியபோது பிரிந்து வந்த வால்கீ என்ற ஒன்றும் உண்டு, இந்த வேலைக்கு இரண்டில் எதுவானாலும் சரி. எதுவானாலும் நாணயத்தை அதில் வைக்காதீர்கள், எழுதியதை லாகில் சேர்க்கும் வசதியை இயக்கினாலும் இயல்பாக விநாடிக்கு ஒரு தடவைதான் டிஸ்க்குக்குப் போகும். பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தைப் பார்த்துத் திறந்தும் வைக்காதீர்கள்.

தரவரிசைக்காக ரெடிஸ் வேண்டும் என்று சொல்வார்கள், அதன் சார்ட்டட் செட் (புள்ளி வாரியாகத் தானே அடுக்கிக்கொள்ளும் பட்டியல்) அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். ஆனால் புள்ளி நெடுவரிசையில் இண்டெக்ஸ் போட்டால் முதல் 100 பேரை எடுப்பது மைஎஸ்கியூஎல்லுக்கு ஒன்றுமே இல்லை. 'என் இடம் எத்தனையாவது' என்பதுதான் கொஞ்சம் கனமானது, தன்னைவிட அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களை எண்ண வேண்டும். சில ஆயிரம் பேர் இருக்கும்வரை தைரியமாக எண்ணுங்கள், பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை கணக்கிட்டு மெமரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று முதலிலிருந்து தொடங்குகிறவர் கேட்டால் நான் போஸ்ட்கிரெஸ் என்பேன், ஒரே சர்வர்தான் என்று உறுதியாக இருந்தால் ஒரே ஃபைலில் இருக்கும் எஸ்கியூலைட்கூடப் போதும், ஆட்ட முடிவில் மட்டும் எழுதுவதால் 'ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம்' என்ற அதன் வரம்பு உறுத்தாது. ஒரு எச்சரிக்கை: சில ஹோஸ்டிங்கில் புது வெர்ஷன் ஏற்றும்போது பழைய கன்டெய்னரின் (ப்ரோகிராம் ஓடும் தனிப் பெட்டியின்) டிஸ்க் மொத்தமாகப் போய்விடும், அதோடு எஸ்கியூலைட் ஃபைலும் போகும். நீங்கள் ஏற்கெனவே மைஎஸ்கியூஎல்லில் எழுதியிருக்கிறீர்கள், பழகியிருக்கிறீர்கள். இந்த விளையாட்டுக்கு அதைவிட்டு வர ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. டேட்டாபேஸும் கேம் சர்வரும் ஒரே டேட்டாசென்டரில் இருக்கட்டும், கனெக்‌ஷன் பூலில் (திறந்தே வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளில்) 10 போதும்.

பேக்கப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரி 31 அன்று ப்ரோகிராம்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப் ஏற்பாடுகள் பல இருந்தும் வேண்டிய நேரத்தில் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை, டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுக்கும் ப்ரோகிராம் வெர்ஷன் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். தினமும் டம்ப் எடுத்து வேறு இடத்துக்கு அனுப்புங்கள், மாதம் ஒரு தடவை அதை ஒரு வெற்று சர்வரில் ஏற்றி, உள்நுழைந்து, உங்கள் சொந்தக் கணக்கின் நாணயம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையைத்தான் முதலில் சரிசெய்யுங்கள், அது ஒரு நாள் வேலை. பிறகு டாங்கின் நிலையை மெமரிக்கு மாற்றி, வெப்சாக்கெட் போட்டு, அதே 40 பேரை மறுபடி கூப்பிடுங்கள். அப்போதும் டாங்குகள் லேசாகத் தாவும், பயந்து திரும்ப டேட்டாபேஸைத் தோண்டாதீர்கள். பிரவுசர் விநாடிக்கு 60 தடவை வரைகிறது, சர்வரிலிருந்து 20 தடவைதான் நிலவரம் வருகிறது. வந்ததை வந்தபடி வரையாமல் 100 மில்லிவிநாடி பின்தங்கி, கையில் இருக்கும் இரண்டு நிலைகளுக்கு நடுவே எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு வரையுங்கள். மற்றவர்களின் டாங்குகளுக்கு மட்டும்தான் இது. தன் சொந்த டாங்க் பொத்தானை அழுத்திய உடனே நகர வேண்டும், சர்வரின் பதில் வந்ததும் வித்தியாசம் இருந்தால் மெல்லச் சரிசெய்துகொள்ளலாம்.